எர்த் கம்பியும் ஆண்டவர் சித்தமும்

ஈரோடு மாவட்டத்தில் எங்கள் ஊருக்குப் பக்கத்து ஊரில், தறிக்குடோனில் வேலை பார்த்த ஒருவர் சில ஆண்டுகளுக்கு முன்பு மின்சாரம் தாக்கி இறந்துபோனார். முப்பத்தைந்து வயது இருக்கும். ஐப்பசி மழை, தரையெல்லாம் ஈரம். மோட்டாரின் இரும்புக் கூட்டில் கசிந்திருந்த மின்சாரம், அதைத் தொட்ட கை வழியாக உடம்பில் பாய்ந்துவிட்டது. அடக்க ஆராதனையில் எங்கள் சபைப் போதகரான ஐயர் யோபுவின் வசனத்தை வாசித்தார்: 'கர்த்தர் கொடுத்தார், கர்த்தர் எடுத்தார், கர்த்தருடைய நாமத்துக்கு ஸ்தோத்திரம்.' இது தேவ சித்தம், கேள்வி கேட்க நாம் யார் என்று சொல்லி முடித்தார். கல்லறைத் தோட்டத்தில் எல்லோரும் ஒரு பிடி மண் போட்டுக் கலையும் நேரத்தில், இறந்தவரின் மைத்துனர் ஐயரிடம் வந்து தணிந்த குரலில் கேட்டார்: "மோட்டாருக்கு எர்த் கம்பி இழுக்காமல் விட்டதும் ஆண்டவர் சித்தம்தானுங்களா, ஐயா?"

ஐயர் தலையைக் குனிந்துகொண்டார். நான் இரண்டடி தள்ளி நின்றிருந்தேன். எனக்கும் பதில் தெரியவில்லை.

அன்று அக்கம்பக்கத்து இந்துக் குடும்பங்களும் வந்திருந்தன. 'அவன் தலையெழுத்து அவ்வளவுதான்' என்று அவர்களில் சிலர் பெருமூச்சு விட்டார்கள். 'ஆண்டவர் சித்தம்' என்று எங்கள் ஆட்கள் சொன்னார்கள். காதில் விழும்போது இரண்டும் ஒன்றாகவே இருந்தன. கொங்கு நாட்டுச் சபைகளில் நாற்பது ஆண்டுகளாகப் பிரசங்கம் கேட்டு வருகிறேன். தேவ சித்தம் என்ற சொல்லைத் தலையெழுத்துக்கு நாம் வைத்துக்கொண்ட கிறிஸ்தவப் பெயராக ஆக்கிவிட்டோம் என்றே நினைக்கிறேன். வேதாகமம் அந்தப் பொருளை அதற்குக் கொடுக்கவில்லை. தேவ சித்தமும் மனித சித்தமும் எப்படிச் சேர்ந்து நிற்கும் என்ற விஷயத்தில் ஆயிரத்து அறுநூறு ஆண்டுகளாகத் தங்களுக்குள் சண்டையிட்ட இறையியலாளர்கள்கூட, ஒரு கட்சி விடாமல், அந்தப் பொருளை மறுத்தார்கள். அந்தச் சண்டையின் கதையைத் தெரிந்துகொண்டால் மைத்துனரின் கேள்வியை எங்கே வைக்க வேண்டும் என்பது தெரியும்.

முதலில் சொல்லையே பார்ப்போம். 'உம்முடைய சித்தம் பரமண்டலத்திலே செய்யப்படுகிறதுபோல பூமியிலேயும் செய்யப்படுவதாக' என்று சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபையில் ஜெபிக்கிறோம். கத்தோலிக்கர்கள் 'உமது திருவுளம் விண்ணுலகில் நிறைவேறுவதுபோல மண்ணுலகிலும் நிறைவேறுக' என்கிறார்கள். சித்தம், திருவுளம் இரண்டிலும் மனம் இருக்கிறது. எழுத்து என்றால் எழுதி முடித்தது. அதனிடம் யாரும் மன்றாடுவதில்லை. உளம் உயிருள்ள ஒருவருடையது. அதனிடம் பேசலாம், அழலாம், வாதாடலாம். அதைவிட முக்கியமான ஒன்று அந்த வேண்டுதலின் கடைசியில் இருக்கிறது. பூமியில் நடப்பதெல்லாம் ஏற்கெனவே அவர் சித்தம்தான் என்றால், 'பூமியிலேயும் செய்யப்படுவதாக' என்று கேட்பதற்கு என்ன இருக்கிறது? இயேசு கற்றுக்கொடுத்த ஜெபமே, பரலோகத்தில் நடப்பது இங்கே இன்னும் நடக்கவில்லை என்ற ஒப்புதலோடுதான் தொடங்குகிறது.

அப்படியானால் தேவனுடைய ஆளுகைக்கு வெளியே பூமி இருக்கிறதா? அதையும் வேதாகமம் சொல்ல விடவில்லை. ஒரு தலைமுடி நரைப்பதும் ஒரு குருவி விழுவதும் பிதாவின் பார்வைக்குத் தப்பவில்லை. இரண்டு உண்மைகளையும் அது முழுக் குரலில் சொல்கிறது, சில இடங்களில் ஒரே வாக்கியத்தில். யோசேப்பு தன்னைக் குழியில் தள்ளி விற்ற அண்ணன்மாரிடம் சொல்வது: 'நீங்கள் எனக்குத் தீமைசெய்ய நினைத்தீர்கள், தேவனோ அதை நன்மையாக முடியப்பண்ணினார்.' அண்ணன்மாரின் எண்ணம் தீமைதான். அதை யோசேப்பு பூசி மெழுகவில்லை. தேவன் அந்தத் தீமைக்குள் வேறொன்றை நடத்தினார்.

பார்வோனின் கதை இதைவிடக் கடினம். 'பார்வோனின் இருதயத்தைக் கடினப்படுத்துவேன்' என்று கர்த்தர் மோசேயிடம் முன்கூட்டியே சொல்லிவிடுகிறார். ஆனால் வாதைகள் வரிசையாக வரும்போது கவனித்துப் படித்தால், முதல் ஐந்து வாதைகளில் இருதயம் கடினப்பட்டது என்றோ, பார்வோன் தானே அதைக் கடினப்படுத்தினான் என்றோதான் எழுதியிருக்கிறது. ஆறாவது வாதையான கொப்புளங்களுக்குப் பிறகே 'கர்த்தர் பார்வோனின் இருதயத்தைக் கடினப்படுத்தினார்' என்ற வரி முதன்முதலாக வருகிறது. ஏழாவதான கல்மழை நின்றதும் மறுபடி பார்வோனே கடினப்படுத்துகிறான். இதைப் படிக்கும்போது எனக்குத் தறிக்காரர்களின் கைகள் நினைவுக்கு வரும். ஆண்டுக்கணக்கில் ஒரே இடத்தில் உரசி உரசிக் காய்த்துப்போன கை. காய்த்த பிறகு அந்தத் தோல் சூட்டையும் உணராது. தானாகக் காய்த்ததா, காய்க்கும்படி படைக்கப்பட்டதா என்று கேட்டால் இரண்டுக்கும் ஆம் என்றே சொல்ல வேண்டும்.

பவுல் பிலிப்பியருக்கு எழுதிய ஒரு வாக்கியத்தை இந்த விவகாரம் முழுவதற்கும் திறவுகோலாக நான் எடுத்துக்கொள்கிறேன். 'அதிக பயத்தோடும் நடுக்கத்தோடும் உங்கள் இரட்சிப்பு நிறைவேறப் பிரயாசப்படுங்கள். ஏனெனில் தேவனே தம்முடைய தயவுள்ள சித்தத்தின்படி விருப்பத்தையும் செய்கையையும் உங்களில் உண்டாக்குகிறவராயிருக்கிறார்.' நடுவில் வரும் 'ஏனெனில்' என்ற சொல்லின் மேல் விரல் வைத்துப் பாருங்கள். நாமாக இருந்தால் அங்கே 'ஆனாலும்' என்று எழுதியிருப்போம். நீங்கள் பாடுபடுங்கள், ஆனாலும் செய்கிறவர் தேவன்தான் என்று. பவுலுக்குத் தேவன் செய்வது மனிதன் செய்வதற்குக் குறுக்கே நிற்கவில்லை. அதற்குக் காரணமாக நிற்கிறது.

சண்டை முதலில் வெடித்தது ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில். வட ஆப்பிரிக்க ஆயரான அகுஸ்தீன் (354–430) தம் வாழ்க்கை அறிக்கையில் ஒரு ஜெபம் எழுதியிருந்தார்: 'நீர் கட்டளையிடுவதை நீரே தந்தருளும், பிறகு விரும்பியதைக் கட்டளையிடும்.' ரோமில் இருந்த பெலாகியுஸ் என்ற துறவிக்கு இதைக் கேட்டு ஆத்திரம் வந்தது. கடவுள் தந்தால்தான் நல்லவனாக முடியும் என்றால் சோம்பேறிக்கு அதைவிட நல்ல சாக்கு வேண்டுமா? கட்டளை இருக்கிறது, செய்யும் வல்லமையும் படைப்பிலேயே இருக்கிறது, செய்யவேண்டியதுதானே என்றார் அவர். பெலாகியுஸை வெறும் வில்லனாக்கிச் சொல்லும் பிரசங்கங்களைக் கேட்டிருக்கிறேன். அது நியாயமில்லை. அவர் கண்ட ஆபத்து உண்மையானது. அந்தக் கல்லறைத் தோட்டத்தில் நின்றபோது அதை நானும் பார்த்தேன்.

ஆனால் மனிதனை அகுஸ்தீன் இன்னும் ஆழமாக அறிந்திருந்தார். எங்கள் தெருவில் ஒருவர் இருந்தார். ஒவ்வொரு முதல் தேதியும் வேதாகமத்தின் மேல் கை வைத்து இனிக் குடிக்க மாட்டேன் என்று சத்தியம் செய்வார். நான்காம் தேதி டாஸ்மாக் வரிசையில் நிற்பார். அவரை அங்கே யாரும் இழுத்துக்கொண்டு போகவில்லை. தன் காலால், தன் விருப்பத்தோடுதான் போனார். விருப்பமே சிறைப்பட்டிருந்தது. அகுஸ்தீன் சொன்னது அதுதான்: வீழ்ந்த மனிதன் விருப்பப்பட்டே பாவம் செய்கிறான், ஆனால் அந்த விருப்பத்தைத் தானே திருப்ப அவனால் முடிவதில்லை. வெளியிலிருந்து ஒரு கை வந்து விருப்பத்தையே குணமாக்க வேண்டும். அந்தக் கைதான் கிருபை. அவருக்குச் சுதந்திரம் என்றால் எதையும் தேர்ந்தெடுக்கும் வசதி மட்டும் இல்லை. நல்லதை மனமார விரும்ப முடிகிற ஆரோக்கியமும் அதில் சேரும். குடியை விட்ட மனிதனுக்குக் குடிக்க முடியாமல் போவதை யாராவது அடிமைத்தனம் என்பார்களா?

418இல் கார்த்தேஜில் கூடிய ஆயர்கள் பெலாகியுஸின் போதனையைக் கண்டித்தார்கள். 529இல் இன்றைய பிரான்சின் ஆரஞ்சு நகரில் கூடிய ஆயர்களின் சங்கம் ஒரு படி மேலே போய், தேவனை நாடும் முதல் ஆசைகூடக் கிருபையின் வேலைதான் என்று அறிக்கையிட்டது. அதே மூச்சில் அது இன்னொன்றையும் சொன்னது. நம் மேடைகளில் அதை யாரும் சொல்வதில்லை. சிலரைத் தீமைக்கென்றே தேவன் முன்குறித்தார், அதாவது முன்கூட்டியே தீர்மானித்துவைத்தார், என்று எவராவது சொன்னால் அவர் சபிக்கப்பட்டவர் என்றது. கிருபைக்கு முழு மகிமை, தீமையில் தேவனுக்குக் கை இல்லை. இந்த இரண்டும் சேர்ந்ததுதான் மேற்கத்திய சபையின் அடித்தளம்.

முன்னறிவு பற்றிய கேள்வியைச் சுருக்கமாகவே தொடுகிறேன். நாளை நான் செய்யப்போவதைத் தேவன் இன்றே அறிந்திருந்தால் நான் வேறு எதைச் செய்ய முடியும் என்பது பலருக்கு இளமையில் வரும் சந்தேகம். ஆறாம் நூற்றாண்டில் சிறையில் மரணத்தை எதிர்பார்த்திருந்த ரோமத் தத்துவஞானி போயெத்தியுஸ், தேவனுக்கு நாளை என்பதே இல்லை, எல்லாக் காலமும் அவருக்கு இன்றுதான் என்றார். பதின்மூன்றாம் நூற்றாண்டு இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸ் அதையே உயரத்தில் நிற்பவனின் பார்வையாகச் சொன்னார். சங்ககிரி மலைக்கோட்டை மேல் ஏறி நின்று பாருங்கள். கீழே சேலம்–கோவை நெடுஞ்சாலையில் போகும் லாரி ஓட்டுநருக்கு முன்னால் போகும் வண்டி மட்டுமே தெரியும். மேலே நிற்பவருக்கு முழு வரிசையும் ஒரே பார்வையில் தெரியும். அவர் பார்ப்பதால் எந்த லாரியும் திரும்புவதில்லை. இந்த விடை பாதிவரைதான் வரும். தேவன் வேடிக்கை பார்ப்பவர் மட்டும் இல்லையே, சாலையையும் ஓட்டுநரையும் உண்டாக்கியவர் ஆயிற்றே.

அங்கேதான் அக்குவினாஸின் (1225–1274) மிகப் பெரிய உதவி கிடைக்கிறது. நம் மனதில் ஒரு தவறான படம் இருக்கிறது. இரண்டு காங்கேயம் காளைகள் பூட்டிய வண்டியைப்போல நினைத்துக்கொள்கிறோம்: தேவன் ஒரு காளை, மனிதன் ஒரு காளை. ஒன்று அதிகம் இழுத்தால் மற்றதற்கு அவ்வளவு குறையும். ஆகவே தேவனுக்கு முழு மகிமை கொடுப்பவர்கள் மனிதனை வெறும் மரக்கட்டை ஆக்குகிறார்கள். மனிதனுக்குப் பொறுப்புக் கொடுப்பவர்கள் தேவனைக் குறைக்கிறார்கள். அக்குவினாஸ் இந்த நுகத்தடியையே கழற்றிப்போட்டார். படைப்பவரும் படைப்பும் ஒரே தளத்தில் நின்று போட்டியிடும் இரண்டு விசைகள் இல்லை. தேவன் எதையும் அதனதன் இயல்பின்படி இயக்குகிறார்: நெருப்பைச் சுடும்படி, மரத்தை வளரும்படி, மனிதனை விருப்பத்தோடு தேர்ந்தெடுக்கும்படி. அவர் எவ்வளவு நெருங்குகிறாரோ அவ்வளவு என் செயல் என்னுடையதாகிறது.

தத்துவமாகத் தோன்றும் இதற்கு இரத்தமும் சதையுமான சாட்சி ஒன்று உண்டு. சிலுவைக்கு முந்தின இரவில் கெத்செமனே தோட்டத்தில் இயேசு, 'என்னுடைய சித்தத்தின்படியல்ல, உம்முடைய சித்தத்தின்படியே ஆகக்கடவது' என்று ஜெபித்தார். ஏழாம் நூற்றாண்டில் பைசாந்தியப் பேரரசு அரசியல் ஒற்றுமைக்காக, கிறிஸ்துவுக்கு ஒரே சித்தம்தான் இருந்தது என்ற கொள்கையைச் சபைமேல் திணித்தது. மாக்சிமுஸ் என்ற வயதான துறவி மறுத்தார். கிறிஸ்துவுக்கு மனித சித்தம் இல்லை என்றால் அவர் முழு மனிதர் இல்லை, நம் சித்தம் குணமாகவும் இல்லை என்றார். அவர் நாவையும் வலது கையையும் சேதப்படுத்தி நாடு கடத்தினார்கள். 662இல் அங்கேயே இறந்தார். பதினெட்டு ஆண்டுகள் கழித்து, 680–681இல் கான்ஸ்டான்டிநோபிளில் கூடிய சங்கம் அவர் சொன்னதையே உறுதிசெய்தது: கிறிஸ்துவில் இரண்டு சித்தங்கள், ஒன்றையொன்று அழிக்காமல், மனித சித்தம் தேவ சித்தத்துக்கு மனமுவந்து இசைந்தபடி. தேவ சித்தம் வந்தால் மனித சித்தம் அணைந்துபோகும் என்பவர்களுக்கு, கெத்செமனேயின் வியர்வையே மறுப்பு.

பதினாறாம் நூற்றாண்டில், ஐரோப்பியச் சபை பிளந்த சீர்திருத்தக் காலத்தில், சண்டை மறுபடி மூண்டது. 1524இல் டச்சு அறிஞர் எராஸ்மஸ் சுயாதீனச் சித்தத்துக்கு ஆதரவாக எழுதினார். 1525இல் ஜெர்மன் சீர்திருத்தவாதி லூதர் அது கட்டுண்ட சித்தம் என்று பதில் எழுதினார். கத்தோலிக்கருக்குள்ளேயே இயேசு சபையாரும் தொமினிக்கரும் கிருபை எப்படி வேலை செய்கிறது என்று மோதினார்கள். பல ஆண்டுகள் ரோமில் விசாரணை நடந்தது. 1607இல் போப் ஐந்தாம் பவுல், ஒருவரையொருவர் கண்டிக்கக் கூடாது என்று சொல்லித் தீர்ப்பே கொடுக்காமல் விசாரணையை முடித்தார். அதற்கு முந்தைய ஆண்டு, 1606இல்தான், இயேசு சபையைச் சேர்ந்த இராபர்ட் தெ நொபிலி மதுரைக்கு வந்து சேர்ந்தார். அவர் வளர்த்தெடுத்த மதுரை மிஷன் சேலம், சேந்தமங்கலம் வழியாகக் கொங்கு நாட்டுக்குள் பரவியது. கருமத்தம்பட்டியின் பழைமையான கத்தோலிக்கச் சபை அந்த மிஷனின் விளைச்சல். அந்த மிஷனரிகள் இங்கே சந்தித்த கேள்வி ரோமில் விட்டுவந்த கேள்வி இல்லை. இங்கே எதிரே இருந்தது வினைப்பயன், மறுபிறவி. நொபிலி அதற்கென்றே 'புனர்ஜென்ம ஆக்ஷேபம்' எழுதினார்.

சீர்திருத்தச் சபைகளின் பக்கம் ஆர்மீனியுஸ் (1560–1609) என்ற டச்சு இறையியலாளர், தேவன் யார் விசுவாசிப்பார்கள் என்று முன்னறிந்து அவர்களை முன்குறித்தார் என்றார். ரோமர் எட்டாம் அதிகாரத்தில் 'முன்னறிந்தாரோ' என்பது 'முன்குறித்திருக்கிறார்' என்பதற்கு முன்னால் வருவது அவர் தரப்புக்கு ஆதாரம். எதிர்த்தரப்பு, முன்னறிதல் என்றால் தகவல் அறிவது இல்லை, அன்போடு தனக்கென்று எடுத்துக்கொள்வது என்றது. 1618–19இல் நெதர்லாந்தின் டார்ட் நகரச் சங்கம் எதிர்த்தரப்பின் பக்கம் நின்றது. நூற்றிருபது ஆண்டுகளுக்குப் பிறகு, 1739இல், மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி 'இலவச கிருபை' என்ற பிரசங்கத்தில் ஆர்மீனியுஸின் கொடியை மறுபடி உயர்த்தினார். அவருடைய நண்பர் ஒயிட்ஃபீல்டு, தெரிந்துகொள்வது முழுக்கத் தேவன் கையில்தான் என்று போதித்த சீர்திருத்தவாதி கால்வின் பக்கம். இருவரும் பிரிந்தார்கள்.

இந்தக் கதை நமக்கு வீட்டுக் கதை. 1827இல் சேலத்துக்கும் 1830இல் கோயம்புத்தூருக்கும் வந்த லண்டன் மிஷனில் பெரும்பாலோர் கால்வின் வழியில் வளர்ந்த சுயாதீன சபையார். ஈரோட்டின் பிரப் நினைவு ஆலயம் அவர்கள் வழி வந்தது. கரூரிலும் தாராபுரத்திலும் வேலை செய்தவர்கள் வெஸ்லியின் மெதடிஸ்டுகள். நொய்யலுக்கும் அமராவதிக்கும் இடையில், ஐரோப்பாவில் ஒரே மேடையில் நிற்க மறுத்த இரண்டு கட்சிகளின் பேரப்பிள்ளைகள் சம்பந்தம் செய்துகொண்டார்கள். என் அப்பா வழி லண்டன் மிஷன், அம்மா வழி மெதடிஸ்ட். 1947 செப்டம்பர் 27 அன்று தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது இரண்டும் ஒன்றாயின. முன்குறித்தலைப் பற்றி யார் சொல்வது சரி என்று தீர்த்துவிட்டுச் சேரவில்லை. பொதுவான விசுவாசப் பிரமாணங்களின் மேல் நின்று சேர்ந்தார்கள். அதை நான் குறையாக நினைக்கவில்லை.

வேறுபாடு எங்கே என்று விளங்க, கீழ்பவானி வாய்க்காலைப் பாருங்கள். 1955இல் பணி முடிந்த பவானிசாகர் அணையிலிருந்து ஏறத்தாழ 200 கிலோமீட்டர் ஓடி, இரண்டு லட்சத்து ஏழாயிரம் ஏக்கருக்குப் பாசனம் தரும் வாய்க்கால். தண்ணீர் எந்த உழவனின் தகுதியாலும் வருவதில்லை. மலையில் பெய்த மழை. ஆனால் அவனவன் மடையைத் திறந்து, வரப்புக் கட்டி, வயலுக்குப் பாய்ச்ச வேண்டும். வாய்க்கால் எந்தப் பக்கம் என்று சொன்னால் போதும், மற்றதை உழவன் பார்த்துக்கொள்வான் என்பார் பெலாகியுஸ். அந்த வயல் பாறை. தண்ணீர்தான் பாறையை மண்ணாக்கும், ஆக்கியே தீரும், வெறுமையாகத் திரும்பாது என்பார்கள் டார்ட் சங்கத்தார். வெஸ்லியின் இடத்தை விளக்கக் கசிவுநீரை நினைத்துக்கொள்ள வேண்டும். வாய்க்காலை ஒட்டிய கிணறுகளில், மடை திறப்பதற்கு முன்பே, ஆயக்கட்டில் இல்லாத தோட்டங்களில்கூட, நீர்மட்டம் ஏறியிருக்கும். வாய்க்காலுக்குக் கான்கிரீட் தளம் போடக் கூடாது என்று உழவர்களில் ஒரு தரப்பார் போராடியதே இந்தக் கசிவுக்காகத்தான். அப்படி ஒருவன் கேட்பதற்கு முன்பே எல்லோருடைய மண்ணையும் ஈரமாக்கும் கிருபையை வெஸ்லி 'முந்தும் கிருபை' என்றார். அந்த ஈரத்தால்தான் மடையைத் திறக்கும் ஆசையே பிறக்கிறது. அதன் பிறகும் ஒருவன் மடையை அடைத்துக்கொள்ள முடியும். 'கோழி தன் குஞ்சுகளைத் தன் சிறகுகளின்கீழே கூட்டிச் சேர்த்துக்கொள்ளும்வண்ணமாக நான் எத்தனைதரமோ மனதாயிருந்தேன். உங்களுக்கோ மனதில்லாமற்போயிற்று' என்று எருசலேமைப் பார்த்து அழுத இயேசுவை நினைத்தால், நான் வெஸ்லியின் பக்கம்தான் சாய்கிறேன். மறைக்கவில்லை.

ஆனாலும் 'தெரிந்துகொள்ளப்பட்டவர்கள்' என்ற சொல்லை என் கரூர் அம்மாயி சொல்லிக் கேட்ட பிறகு, கால்வின் தரப்பை என்னால் லேசாகத் தள்ள முடிவதில்லை. ஊருக்குள் செருப்புப் போட்டு நடக்க முடியாத குடும்பத்தில் பிறந்தவர். டீக்கடையில் தனிக் குவளையில் குடித்தவர். எழுத்துக் கூட்டிப் படிக்கக் கற்றது மிஷன் பள்ளியில். பவுல் கொரிந்தியருக்கு எழுதியதை மனப்பாடமாகச் சொல்வார்: 'உலகத்தின் இழிவானவைகளையும், அற்பமாய் எண்ணப்பட்டவைகளையும், இல்லாதவைகளையும், தேவன் தெரிந்துகொண்டார்.' சொல்லும்போது 'இல்லாதவைகளையும்' என்ற இடத்தில் நெஞ்சைத் தொட்டுக்கொள்வார். பிறப்பே அவருக்கு எல்லாவற்றையும் எழுதி முடித்துவிட்டது என்று ஊர் சொல்லியிருந்தது. உலகத்தோற்றத்துக்கு முன்னே ஒருவர் அவரைப் பெயர் சொல்லித் தெரிந்துகொண்டார் என்ற செய்தி, அந்த எழுத்தை அழித்த செய்தி. முன்குறித்தல் அறைக்குள் உட்கார்ந்து விவாதிப்பவர்களுக்குப் பயமாக இருக்கலாம். ஒதுக்கப்பட்டவர்களுக்கு அது கௌரவம். 'அவர் என்னைத் தெரிந்துகொண்டார், நான் வந்தேன்' என்று இரண்டையும் அம்மாயி ஒரே மூச்சில் சொல்வார்.

தமிழ் பக்தி மரபுக்கும் இது புதிய கேள்வி இல்லை. 'அவன் அருளாலே அவன் தாள் வணங்கி' என்ற திருவாசக வரியை அகுஸ்தீன் கேட்டிருந்தால் எழுந்து நின்றிருப்பார். வைணவத்தில் தென்கலையார், தாய்ப்பூனை கவ்விக்கொண்டு போகும் குட்டியை உவமை சொன்னார்கள். வடகலையார், தாயின் வயிற்றைப் பற்றிக்கொள்ளும் குரங்குக் குட்டியைச் சொன்னார்கள். 1950இல் கோயம்புத்தூர் சி.எஸ்.ஐ. திருமண்டலத்தின் முதல் பேராயரான ஏ. ஜே. அப்பாசாமி, இராமானுஜரை ஆழ்ந்து கற்றவர். கிறிஸ்தவத்தைப் பக்தி மார்க்கமாக விளக்கியவர். உயிருக்குள் உயிராக நின்று இயக்கும் அந்தர்யாமி என்ற கருத்து அவருக்குக் கிறிஸ்துவை விளக்க உதவியது. உள்ளிருந்து இயக்குபவர் வெளியிலிருந்து தள்ளுவதில்லை. காளை வண்டிப் படம் கைவிடப்பட வேண்டியது என்று அக்குவினாஸ் லத்தீனில் சொன்னதற்கு, நம் மண்ணின் சொல் அது.

இவ்வளவு பெரிய பாரம்பரியத்தை வைத்துக்கொண்டு, அந்தச் சொல்லை நாம் எதற்குப் பயன்படுத்துகிறோம் என்று நினைக்கும்போது மனம் வலிக்கிறது. கல்யாணத்துக்குத் தேவ சித்தம் தேடுகிறோம் என்கிறார்கள். தேடும் விளம்பரத்தில் சாதி எழுதியிருக்கிறது. ஆண்டவர் தம் சித்தத்தைத் தெரிவிக்கும் முன்பே நாம் வேலி போட்டுவிடுகிறோம். சாயநீரால் நொய்யல் செத்ததற்கு உபவாச ஜெபம் நடந்தது. அந்தக் கூட்டத்தில் சாயப்பட்டறை வைத்திருந்தவர்களும் கண்ணீரோடு உட்கார்ந்திருந்தார்கள். மழை பெய்விக்க ஆண்டவரிடம் கேட்கலாம். கழிவைச் சுத்திகரித்து விடுவதற்கு அவர் நம்மிடம் கேட்கிறார். 'ஜீவனையும் மரணத்தையும் உனக்கு முன் வைத்தேன். நீ ஜீவனைத் தெரிந்துகொள்' என்று மோசே வழியாகச் சொன்னவர், அந்தத் தேர்வை நம் கையிலிருந்து திரும்ப வாங்கிக்கொள்ளவில்லை.

ஐயர் வாசித்த யோபுவுக்கு வருகிறேன். 'கர்த்தர் எடுத்தார்' என்பது முதல் அதிகாரம். யோபு அதைத் தன் பிள்ளைகளைப் பற்றி, தன் வாயால் சொன்னான். வேறு யாரும் அவனுக்குச் சொல்லவில்லை. மூன்றாம் அதிகாரத்தில் தான் பிறந்த நாளைச் சபிக்கிறான். பிறகு பக்கம் பக்கமாகத் தேவனோடு வழக்காடுகிறான். எல்லாவற்றுக்கும் விளக்கம் வைத்திருந்த நண்பர்கள் அவனை அடக்கப் பார்க்கிறார்கள். கடைசியில் கர்த்தர், அந்த நண்பர்கள் தம்மைப் பற்றி நிதானமாகப் பேசவில்லை, யோபுவே பேசினான் என்கிறார். கேள்வி கேட்க நாம் யார் என்று யோபுவை வைத்துச் சொல்ல முடியாது.

விபத்துகளைப் பற்றி இயேசுவே ஒருமுறை பேசியிருக்கிறார். சீலோவாமில் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் செத்தார்கள். செத்தவர்கள் மற்றவர்களைவிடக் குற்றவாளிகள் என்று நினைக்கிறீர்களா, இல்லை என்றார். அது பிதாவின் சித்தம் என்றும் சொல்லவில்லை. கேட்டுக்கொண்டிருந்தவர்கள் பக்கம் திரும்பி, நீங்கள் மனந்திரும்புங்கள் என்றார். கோபுரத்தைப் பற்றிய கேள்வியை உயிரோடு இருப்பவர்களின் கைக்கு மாற்றினார். பேதுருவும் பெந்தெகொஸ்தே நாளில் அப்படியே செய்தார். தேவன் நிர்ணயித்த ஆலோசனையின்படியே இயேசு ஒப்புக்கொடுக்கப்பட்டார் என்று சொன்ன அதே வாக்கியத்தில், 'நீங்கள் கொலைசெய்தீர்கள்' என்றும் சொன்னார். சிலுவையே தேவ திட்டம் என்றபோதும், ஆணி அடித்த கைக்கு அதனால் விடுதலை கிடைக்கவில்லை.

அந்தக் கேள்வி கேட்ட மைத்துனர் எலக்ட்ரீஷியன். எர்த் கம்பியின் வேலை என்ன என்று பின்னொரு நாள் எனக்கு விளக்கினார். மோட்டாருக்குள் காப்பு பழுதாகி மின்சாரம் இரும்புக் கூட்டுக்கு வந்துவிட்டால், அது தரைக்குப் போக வழி தேடும். கம்பி இருந்தால் கம்பி வழியாகப் போய்விடும். மெயினில் ஃபியூஸ் போகும். கம்பி இல்லை என்றால் தொடுகிறவன்தான் வழி. மின்சாரம் யாரையும் பார்ப்பதில்லை, அதன் இயல்பின்படி நடக்கிறது என்றார். அவருக்கு அக்குவினாஸைத் தெரியாது. நெருப்பு சுடும்படி, மின்சாரம் பாயும்படி, மனிதன் தேர்ந்தெடுக்கும்படி. கம்பி இழுக்கலாமா, அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாமா என்று ஒருவர் தேர்ந்தெடுத்திருந்தார். அந்தத் தேர்வு அவருடையது. இறந்தவரின் மனைவியோடும் இரண்டு பிள்ளைகளோடும் இருந்து அழுததுதான் அன்று தேவன் செய்தது என்று நான் விசுவாசிக்கிறேன்.

ஐயரும் அந்தக் கேள்வியை மறக்கவில்லை. அடுத்த மாதம் குடும்பத்தோடு இழப்பீடு கேட்டுத் தொழிலாளர் அலுவலகத்துக்கு அலைந்தவர்களில் அவரும் ஒருவர். வருட நினைவு ஆராதனையில் சீலோவாம் பகுதியை வாசித்தார். 'தேவ சித்தம்' என்ற சொல் அன்று அவர் வாயில் வரவில்லை. ஆராதனை முடிந்து திரும்பும் வழியில் அந்தத் தறிக்குடோன். மைத்துனர் எங்களை நிறுத்தி, சுவரோரமாகக் கூட்டிப்போய்க் காட்டினார். கரியும் உப்பும் கொட்டி மூடிய குழி. அதற்குள் பச்சைக் கம்பி ஒன்று இறங்குகிறது. மண் காயாமல் இருக்க, வாரத்துக்கு ஒருமுறை அதில் ஒரு குடம் தண்ணீர் ஊற்றச் சொல்லியிருப்பதாகச் சொன்னார். ஐயர் குனிந்து, மண் ஈரமாக இருக்கிறதா என்று கையால் தொட்டுப் பார்த்தார்.